வகுப்பில் விளங்கியது இரண்டு கிழமையில் எங்கே போகிறது?

வவுணதீவு_விஞ்ஞானம் (மட்டக்களப்பு மேற்கு, தரம் 10, 11)

மூளை சார்ந்த கற்பித்தல் என்ற பெயரில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறைக்குச் சென்ற கிழமை போய் வந்தேன். வளவாளர் ஒரு படிவம் தந்தார். அதைப் பிள்ளைகளைக் கொண்டு நிரப்பி, யார் பார்வை வழிக் கற்பவர், யார் செவி வழி, யார் செய்கை வழி என்று பிரிக்க வேண்டுமாம். பிறகு இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று இன்னொரு பிரிப்பு. மனிதன் தன் மூளையில் பத்து வீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்ற வசனத்தோடு மதியச் சாப்பாடு வந்தது. சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது.

என் பிரச்சினை வேறு. பிரசாரணம் படிப்பித்தேன், அதாவது நீர் ஒரு மென்சவ்வைக் கடந்து கரைசலின் செறிவு கூடிய பக்கத்துக்குப் போவது. உப்பு நீரில் உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டுக் காட்டினேன். கேள்வி கேட்டேன், கை உயர்த்திச் சரியாகச் சொன்னார்கள். இரண்டு கிழமை கழித்து அதே பிள்ளைகளுக்குப் பரவலுக்கும் பிரசாரணத்துக்கும் வேறுபாடு சொல்லத் தெரியவில்லை. சிலருக்கு உருளைக்கிழங்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் படுவான்கரையில் பலர் பாடசாலைக்கு வருவதில்லை, அது தனிக் கதை. அன்று வந்திருந்து விளங்கிக்கொண்ட பிள்ளைகளுக்கே ஏன் இப்படி? படிவம் நிரப்பினால் இது தீருமா?

ஏட்டுச்சுரைக்காய் (கல்முனை, கணிதம்)

படிவத்தை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்கு அடியில் வையுங்கள் சேர். அதற்குத்தான் அது உதவும்.

பார்வை வழி, செவி வழிப் பிரிப்பை 2008 இல் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். அந்தப் பிரிப்பின்படி படிப்பித்தால் பிள்ளை கூடுதலாகக் கற்கிறது என்று ஏற்கத்தக்க முறையில் காட்டிய சான்று அவர்களுக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு விருப்பம் இருக்கலாம். அந்த விருப்பத்துக்கும் கற்றலுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதுதான் நிரூபிக்கப்படவில்லை. எந்த வழி என்பதைப் பாடம் தீர்மானிக்கும். மட்டக்களப்பு வாவியின் வடிவத்தை எப்பேர்ப்பட்ட செவி வழிக்காரனுக்கும் படம் போட்டுத்தான் காட்ட வேண்டும். பத்து வீதக் கதை அதைவிட மோசம். உடல் எடையில் ஏறத்தாழ 2 வீதமான மூளை உடலின் சக்தியில் 20 வீதம் அளவில் செலவழிக்கிறது. தொண்ணூறு வீதம் சும்மா கிடக்கிற உறுப்புக்கு உடம்பு இவ்வளவு தீனி போடாது.

உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006 இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு குழு ஒரு பந்தியை நாலு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, பந்தியைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து மூன்று தடவைகள் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே வென்றார்கள்: 83 வீதத்துக்கு எதிராக 71. ஒரு கிழமை கழித்து வேறு குழுக்களைச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். வாசித்தவர்களிடம் 40 வீதம்தான் மிஞ்சியது. நினைவிலிருந்து எழுதியவர்களிடம் 61. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்னவென்றால், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் தங்களுக்குக் கூடுதலாக ஞாபகம் இருக்கும் என்று நம்பினார்கள்.

உங்கள் பிள்ளைகள் அன்று கை உயர்த்தியது ஐந்து நிமிடச் சோதனை. அதில் எல்லோரும் சித்தி. பிறகு அவர்களை யாரும் அந்த விடயத்தை நினைவிலிருந்து இழுத்தெடுக்கச் சொல்லவில்லை.

பழைய அதிபர் (களுதாவளை)

தம்பிமாரே, நான் ஓய்வு பெற்றவன், நேரம் நிறைய இருக்கிறது, அதனால் குறுக்கே வருகிறேன். கல்லடியில் 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிய விபுலாநந்த அடிகளுக்கு எந்த மூளைப் படமும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு புதிய சொல் கொழும்பிலிருந்து வரும், படிவம் வரும், படிவத்தோடு வந்தவர் போய்விடுவார். இந்தத் துறைக்குள்ளேயே இதை எச்சரித்தவர் இருக்கிறார். ஜோன் புரூவர் என்பவர் 1997 இல் எழுதினார்: நரம்பணுவிலிருந்து நேராக வகுப்பறைக்குப் பாலம் போட முடியாது, அந்தத் தூரம் அதிகம், நடுவில் உளவியல் என்ற தீவு இருக்கிறது, அதில் இறங்கித்தான் வர வேண்டும் என்பது அவருடைய வாதம்.

இன்னொன்று. கணித சேர் சொன்ன ஆய்வில் இருந்தவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள். வாசிக்கவே தடுமாறும் தரம் 10 பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்? வாசித்ததே உள்ளே போகாதவனிடம் எதை இழுத்தெடுப்பது?

ஏட்டுச்சுரைக்காய்

ஐயா, புரூவர் விடயத்தில் முழு உடன்பாடு. நான் சொன்னதும் அந்தத் தீவிலிருந்து வந்ததுதான். அதில் மூளைப் படமே கிடையாது, தாளும் பென்சிலும் மட்டும். உங்கள் இரண்டாவது கேள்வி சரியான கேள்வி. உள்ளே போகாததை வெளியே எடுக்க முடியாது. முதலில் விளக்கம் வேண்டும், உருளைக்கிழங்கு வேண்டும். நான் சண்டை போடுவது அதற்குப் பிறகு வரும் நாட்களுக்காக.

களரி (கன்னன்குடா)

ஆசிரியர் இல்லை, கூத்துக்காரன். ஆனாலும் இந்த இழையைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் ஒரு கூத்துப் பழகினால், பழக்குகிற அண்ணாவியார் முதலில் சட்டம் கொடுப்பார். அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் அவரவர் கைக்குப் போகும். அதன் பிறகு கொப்பியைப் பார்த்துப் பாட விட்டால்தானே! மத்தளம் தொடங்கும், ஆள் நிற்பான், முதலடி வராது. அண்ணாவியார் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பார், முழு அடியைப் பாடிக் காட்ட மாட்டார். மிச்சம் அவன் தொண்டையிலிருந்து வர வேண்டும். சதங்கை அணிந்த பிறகு கிழமைக்கூத்து. கிழமைக்கு ஒரு தடவை ஆடுவோம். இடையில் வயல் வேலை, மீன்பிடி, கல்யாணம், எல்லாம் வரும். பாதி மறந்துபோய் வருவார்கள். மறந்து வந்து, தடுமாறி, மறுபடி பிடிப்பார்கள். பிறகு அடுக்குப் பார்த்தல் என்ற ஒத்திகை, அதன் பிறகுதான் அரங்கேற்றம். விடிய விடிய ஆடும் கூத்து, யார் கையிலும் தாள் இருக்காது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள் அரசன் வேடத்தின் பாட்டு முழுவதையும் வைத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பாடசாலையில் எட்டாம் தரத்தோடு நின்ற ஒருவன் இங்கே நூற்றுக்கணக்கான அடிகளைப் பிடித்து வைத்திருக்கிறான். அவனுடைய மூளையில் என்ன குறை என்று கண்டுபிடித்துப் பாடசாலை அவனை அனுப்பியது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அக்கரைப்பற்று_ஹாபிழ் (வரலாறு)

களரி அண்ணன் சொன்னதை அப்படியே எங்கள் பக்கத்திலும் காணலாம். குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளை ஒவ்வொரு நாளும் புதுப் பாடத்தை மட்டும் ஒப்புவித்துவிட்டுப் போக முடியாது. நேற்றைய பாடமும் வேண்டும், பழைய பாடமும் வேண்டும். உஸ்தாத் முன்னால் உட்கார்ந்து பார்க்காமல் ஓத வேண்டும். பிழை வந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவார். புதிதாக மனனம் செய்வதைவிடப் பழையதைத் தக்கவைப்பதற்கே நாளின் பெரும் பங்கு போகும். பழைய பாடத்தைச் சில மாதம் விட்டால் கரைந்துவிடும் என்று எல்லா ஹாபிழ்களுக்கும் தெரியும். அதே ஊரில் அதே பிள்ளைக்கு வரலாறு படிப்பிக்கும்போது மட்டும் நாங்கள் அநுராதபுர இராசதானியை ஒரு தடவை சொல்லிவிட்டுப் பொலன்னறுவைக்குப் போய்விடுகிறோம். திரும்பிப் பார்ப்பது தவணைப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு.

ஆனால் ஒரு கவனம். மனனம் வேறு, விளக்கம் வேறு. இராசதானிகளின் ஆண்டுகளை ஒப்புவிக்கிற பிள்ளையிடம் ஏன் தலைநகரம் தென்மேற்கே நகர்ந்தது என்று கேட்டால் முழிக்கும். கேள்வி எப்படியோ நினைவும் அப்படியே அமைகிறது. ஆண்டை மட்டும் கேட்டால் ஆண்டு மட்டும்தான் நிற்கும்.

வார்டு_ஆறு (மருத்துவர், அம்பாறை மாவட்டம்)

பழைய அதிபர் ஐயாவின் எச்சரிக்கையை மனதில் வைத்துக்கொண்டு நரம்பணுப் பக்கத்தைச் சொல்கிறேன். இதிலிருந்து நேராகப் பாடக்குறிப்பு எழுத வேண்டாம்.

கற்றல் என்பது நரம்புக்கலங்களுக்கிடையிலான இணைப்புகள் வலுப்படுவதும் வலுவிழப்பதும். எரிக் கண்டெல் கடல் நத்தை ஒன்றை வைத்து இதைத் துலக்கினார்; 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர். குறுங்கால நினைவுக்கு ஏற்கெனவே உள்ள இணைப்பில் வேதியியல் மாற்றம் ஏற்பட்டால் போதும். நெடுங்கால நினைவுக்குப் புதிய புரதம் உருவாக வேண்டும், புதிய இணைப்புகள் வளர வேண்டும். ஒரே மூச்சில் கொடுக்கும் பயிற்சியைவிட நாட்களாகப் பிரித்துக் கொடுக்கும் பயிற்சியே நத்தையிலும் நீண்டு நின்றது. வளர்ச்சிக்கு நேரம் தேவை, அவசரப்படுத்த முடியாது.

களரி அவர்களுக்கு ஒரு விடயம் சுவையாக இருக்கும். 1953 இல் வலிப்புக்காக அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகம்பஸின் பெரும் பகுதி இரு பக்கத்திலும் அகற்றப்பட்டது. அதன் பிறகு காலையில் சந்தித்தவரை மதியம் அடையாளம் தெரியாது. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியைப் பிரெண்டா மில்னர் கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை திருந்தியது. முன்னர் அதைச் செய்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. உங்கள் கூத்தில் கால் பழகுவதும் பாட்டு மனதில் நிற்பதும் மூளையில் வெவ்வேறு வழிகளைச் சார்ந்தவை. ஆட்டம் வந்துவிட்டது, பாட்டு வரவில்லை என்று ஒருவன் நின்றால் அது சோம்பேறித்தனம் என்று திட்டத் தேவையில்லை.

தாய்_ஆரையம்பதி

எல்லோரும் பெரிய விடயங்கள் பேசுகிறீர்கள். என் மகன் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை வருடம். அதிகாலை நாலரைக்கு எழுப்புகிறேன், பாடசாலைக்கு முன் ஒரு வினாத்தாள். மாலையில் டியூட்டரி. இரவு பதினொரு மணிக்குப் படுக்கிறான். வினாத்தாள் செய்யும்போது நல்ல புள்ளி, அடுத்த மாதம் அதே கணக்கு வந்தால் அழுகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை இன்னும் கூடப் படிக்கிறது என்று சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

வார்டு_ஆறு

அம்மா, முதலில் அவனைத் தூங்க விடுங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். நீங்கள் எழுதியதைக் கூட்டினால் அவனுக்குக் கிடைப்பது ஐந்தரை.

இதைக் கருணைக்காக மட்டும் சொல்லவில்லை. தூக்கம் படிப்பின் ஒரு பகுதி. 1924 இலேயே ஜென்கின்ஸ், டல்லன்பாக் இருவரும் காட்டினார்கள்: கற்ற பிறகு தூங்கியவர் அதே அளவு நேரம் விழித்திருந்தவரைவிடக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார். பின்னர் எலிகளின் மூளையில் பதிவு செய்தபோது, பகலில் ஓடிய பாதைக்குரிய நரம்புக்கலங்கள் தூக்கத்தில் மறுபடி இயங்கியது தெரிந்தது. நாலரை மணி வினாத்தாளுக்காக முந்திய மாலையின் பாடத்தைப் பதிய வைக்கும் நேரத்தை வெட்டுகிறீர்கள். பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பின்னோக்கி நகர்கிறது. இரவு தூக்கம் பிந்தி வரும். அவர்களுக்குக் காலை ஆறு மணி டியூஷன் வகுப்பு வைப்பவர்கள் காசு வாங்கிக்கொண்டு தூங்குகிறவர்களுக்குப் படிப்பிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டைப் பற்றி என்னிடம் மருந்து இல்லை.

அட்டாளைச்சேனை_டீச்சர் (ஆரம்பப் பிரிவு)

அதிபர் ஐயா கேட்ட கேள்வியை யாரும் முழுதாகப் பிடிக்கவில்லை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை.

வாசிப்பதற்கென்று மூளை படைக்கப்படவில்லை. பேச்சு தானாக வரும், எழுத்து வராது. ஸ்தனிஸ்லாஸ் டெஹேன் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு 2010 இல் பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் உள்ள பெரியவர்களை ஒப்பிட்டது: எழுத்தறிவில்லாதவர், வளர்ந்த பிறகு வாசிக்கக் கற்றவர், சிறுவயதிலேயே கற்றவர். வாசிக்கக் கற்றவர்களின் மூளையின் இடப்புறத்தில் ஒரு பகுதி எழுத்துகளுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டியது, வளர்ந்த பிறகு கற்றவர்களிலும்கூட. ஆகவே காலம் கடந்துவிட்டது என்று தரம் 10 பிள்ளையைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பகுதி பழகுவதற்கு நாள் எடுக்கும், அதுவும் ஒலியையும் எழுத்தையும் சேர்த்துச் சேர்த்துப் பழக்கினால்தான்.

நம் எழுத்தில் ஒரு சிரமம் இருக்கிறது, பெரியவர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. 'கொ' என்பதைப் பாருங்கள். முதலில் கொம்பு, நடுவில் க, பிறகு கால். ஒலிக்கும்போதோ முதலில் மெய், பிறகுதான் உயிர். ஆறு வயதுப் பிள்ளை கொம்பைக் கண்டு அதை மனதில் பிடித்து வைத்து, ககரம் வரும்வரை காத்திருந்து, காலும் வருகிறதா என்று பார்த்து, பிறகு வாய் திறக்க வேண்டும். ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியவை ஏழளவில் என்று 1956 இல் மில்லர் சொன்னார். ஏறக்குறைய நாலுதான் என்று 2001 இல் கோவன் குறைத்தார். ஒரு எழுத்துக்கே மூன்று போனால் சொல்லுக்கு என்ன மிச்சம், வசனத்தின் கருத்துக்கு என்ன மிச்சம்? நாங்கள் 'கொ' வை ஒரே உருவாகப் பார்க்கிறோம், அதனால் இந்தப் பாரம் எங்களுக்குத் தெரிவதில்லை. எழுத்துக் கூட்டி வாசித்து முடித்த பிள்ளையிடம் உடனே "கதையின் கருத்து என்ன?" என்று கேட்டு, பதில் வராவிட்டால் மந்தப் பிள்ளை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரும்.

நான் செய்வது இது. அதே சிறு பந்தியைப் பல நாட்கள் வாசிக்க விடுவேன். எழுத்து இலகுவான பிறகுதான் கருத்துக் கேள்வி. விஞ்ஞானப் புத்தகத்துக்கும் இது பொருந்தும் சேர். ஒரே பக்கத்தில் ஐந்து புதிய கலைச்சொற்களும் ஒரு வரைபடமும் இருந்தால், சொற்களை முதல் நாளே அறிமுகப்படுத்திவிடுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்

டீச்சர், 'கொ' விடயத்தை இவ்வளவு காலமாக நான் யோசித்ததே கிடையாது. நன்றி.

ஆரையம்பதி அம்மாவின் மகன் அடுத்த மாதம் அழுவதற்கு ஒரு காரணம் கணிதப் பக்கத்தில் இருக்கிறது. நம் பயிற்சிகள் எல்லாம் ஒரே இனம். விகிதம் என்று தலைப்புப் போட்டு இருபது விகிதக் கணக்கு. தலைப்பைப் பார்த்தவுடன் எந்த முறை என்று தெரிந்துவிடுகிறது; பிறகு இலக்கத்தை மாற்றிப் போடுவதுதான் வேலை. எந்த முறை என்று தீர்மானிக்கும் வேலையைப் பிள்ளை ஒருநாளும் செய்து பழகுவதில்லை, பரீட்சையிலோ அதுதான் பாதி வேலை.

ரோரர், டெய்லர் இருவரும் 2007 இல் நாலு வகைத் திண்மங்களின் கனவளவு காணப் பழக்கினார்கள். வகை வகையாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 வீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60 வீதம். ஒரு கிழமை கழித்து நடந்த சோதனையில் வகை வகையாகச் செய்தவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63. பயிற்சியில் தடுமாறியவன் சோதனையில் மூன்று மடங்கு வாங்கினான். நான் தரம் 11 இல் ஒவ்வொரு வீட்டு வேலையிலும் அன்றைய பாடத்தில் சில, பழைய பாடங்களில் சில என்று கலக்கிறேன். பிள்ளைகள் விரும்புவதில்லை. பெற்றோரும், சேர் படிப்பிக்காததைத் தருகிறார் என்று அதிபரிடம் போகிறார்கள்.

பழைய அதிபர்

அதிபரிடம் போகிறார்கள் என்றதும் எனக்கு வேலை வந்துவிட்டது.

வகுப்பு மேற்பார்வைக்குப் போகிற அதிபரோ ஆசிரிய ஆலோசகரோ எதைப் பார்க்கிறார்? பாடக்குறிப்பு இருக்கிறதா, பிள்ளைகள் கை உயர்த்துகிறார்களா, பாடம் தடங்கல் இல்லாமல் போகிறதா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், நன்றாகக் கற்கும் வகுப்பு அன்றைக்குத் தடுமாறும் வகுப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்தவர் "மாணவர் விளங்கவில்லை" என்று குறிப்பு எழுதுவார். உருளைக்கிழங்குப் பாடத்துக்கு "மிக நன்று" கிடைக்கும். ஆகவே ஆசிரியர் மாறினால் மட்டும் போதாது. மேற்பார்வைக்குப் போகிறவர் அன்றைய பாடத்தைக் கேட்காமல் போன மாதப் பாடத்தில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை, அதிபர் நினைத்தால் திங்கட்கிழமையே தொடங்கலாம்.

நான் சேவையில் இருந்தால் மூளை என்ற சொல்லையே எடுக்காமல் இதைச் செய்திருப்பேன். மூளை என்றால் படிவம் வந்துவிடும்.

வவுணதீவு_விஞ்ஞானம்

இவ்வளவு பதிலை எதிர்பார்க்கவில்லை. நான் பிடித்துக்கொண்டது இது. பாடவேளையின் முதல் பத்து நிமிடம், புத்தகம் மூடி, வெறுந்தாளில் மூன்று கேள்வி: போன பாடத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று, போன தவணையில் ஒன்று. உடனே சரியான விடையைச் சொல்லிவிடுவது. வெட்டுக்குப் போய் வராமலிருந்த பிள்ளைக்கும் இதில் ஒரு நன்மை தெரிகிறது. தவறவிட்ட பாடம் ஒரு தடவையோடு போய்விடாமல் கேள்வியாகத் திரும்பித் திரும்பி வரும். நண்பனின் கொப்பியைப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும்.

இரண்டு சந்தேகம். பத்து நிமிடம் போனால் பாடத்திட்டம் முடியுமா? இந்தப் புள்ளிகளைப் பதிவேட்டில் எழுத வேண்டுமா?

அக்கரைப்பற்று_ஹாபிழ்

பாடத்திட்டத்தை இப்போதும் நீங்கள் முடிக்கிறீர்கள், பிள்ளைகள்தான் முடிக்கவில்லை. தரம் 11 கடைசித் தவணையில் மீட்டல் வகுப்பு என்று முழுவதையும் மறுபடி படிப்பிக்கிறோமே, அந்த நேரத்தில் பெரும் பகுதி மிஞ்சும்.

ஏட்டுச்சுரைக்காய்

பதிவேட்டில் எழுதவே வேண்டாம் சேர். புள்ளி என்றதும் பயம் வரும். கணிதப் பயம் உள்ளவர்களின் செயற்படு நினைவில், அதாவது டீச்சர் சொன்ன ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கும் இடத்தில், ஒரு பங்கை அந்தப் பயமே தின்றுவிடுகிறது என்று 2001 இல் அஷ்கிராஃப்ட், கேர்க் காட்டினார்கள். தாளை அவரவரே திருத்தி அவரவரே வைத்திருக்கட்டும். இன்னொன்று, பல்தேர்வு வினாவாகக் கொடுத்தால் விடையைச் சொல்லாமல் விடாதீர்கள். பிழையான தெரிவுகளை வாசித்த பிள்ளை அதையே சரி என்று பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. சாதாரண தர விஞ்ஞானத்தில் முதல் பத்திரம் 40 பல்தேர்வு வினா. டியூட்டரியில் அவற்றை அச்சடித்துக் கொடுத்து விடையை அடுத்த கிழமை தருகிறார்கள்.

தாய்_ஆரையம்பதி

இன்று அவனை எட்டரைக்குப் படுக்க வைத்தேன். என் மாமியாருக்குத்தான் கோபம். காலை வினாத்தாளுக்குப் பதிலாக இரவுச் சாப்பாட்டின்போது போன கிழமைக் கணக்கில் இரண்டு கேட்கலாமா?

ஏட்டுச்சுரைக்காய்

தாராளமாக. இரண்டோடு நிறுத்துங்கள். சோறு ஆறிவிடும்.

வவுணதீவு_விஞ்ஞானம்

தரம் 10 முதல் தவணை உயிரியல் பகுதிக்கான கேள்விகளைத் தட்டச்சு செய்து வெள்ளிக்கிழமைக்குள் இங்கே இடுகிறேன். இரசாயனப் பகுதிக்கு யாராவது கை கொடுத்தால் நல்லது.

அட்டாளைச்சேனை_டீச்சர்

ஆரம்பப் பிரிவுக்குத் தனி இழை தொடங்குகிறேன். இங்கே கணித சேர் எழுதுகிற வீதங்களைப் பார்த்தால் என் கூட ஆசிரியைகள் உள்ளே வரமாட்டார்கள்.